நான்கு கம்பியும் மூன்று கம்பியும்: வீட்டிலேயே ஹெட்ஃபோன் அடாப்டர் செய்யும் பாடம்



சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகன் ஒரு சின்னப் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு என் பழுது பார்க்கும் கடைக்கு வந்தான். கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்து, தன் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்கிற பிள்ளை. அவன் வாப்பா சபரிலிருந்து வந்தபோது வாங்கிவந்த ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர்தான் அந்தப் பெட்டி. ஒரு பக்கம் சத்தமே வரவில்லை. மூடியைத் திறந்ததும் கருகிய வாடை அடித்தது.

நடந்தது இதுதான். அந்த ஆம்பில் இருந்தது நான்கு துளை உள்ள பேலன்ஸ்டு சாக்கெட். அவனுடைய ஹெட்ஃபோனில் இருந்தது வழக்கமான 3.5 மி.மீ. பின். இரண்டையும் சேர்க்க அவனே ஓர் அடாப்டர் செய்திருக்கிறான். முதலில் ஒரு பேச்சை ஓடவிட்டுப் பார்த்தான், நன்றாகவே கேட்டது. பிறகு பாட்டுள்ள வீடியோவைப் போட்டு வேலை பார்க்க உட்கார்ந்தான். சிறிது நேரத்தில் பெட்டி சூடேறி, ஒரு காது அடங்கிவிட்டது.

"மாமா, சால்டரிங் எல்லாம் சரியாத்தானே வச்சேன்?" என்று கேட்டான்.

சால்டரிங்கில் குறையே இல்லை. என் கைவேலையைவிடச் சுத்தமாகவே இருந்தது. "வச்சது சரிதான் மருமவனே. ஆனா இந்தத் திசையில இப்படி ஒரு அடாப்டரே செய்யக் கூடாது" என்றேன்.

உதிரிபாகம் வந்து பெட்டி சரியாக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவன் ஒப்புக்கொண்டிருந்த வேலைகள் வேறு ஆள் கைக்குப் போயின. அவனைப் போலவே நம் வீடுகளில் பல பிள்ளைகள் இன்று எடிட்டிங், ஒலிப்பதிவு, ஆன்லைன் வகுப்பு என்று ஹெட்ஃபோனும் காதுமாக இருக்கிறார்கள். கையில் திறமையும் இருக்கிறது. கடையில் விற்கும் அடாப்டரின் விலையைப் பார்த்துத் தாமே செய்துகொள்ள நினைக்கிறார்கள். அது நல்ல காரியம்தான். ஆகவே இந்த இதழின் கைத்தொழில் பாடத்தில் அதைச் சரியாகச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

பாடத்தின் சாரம் ஒரே வரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு கம்பியை மூன்றாக்கலாம், மூன்று கம்பியை அடாப்டர் போட்டு நான்காக்க முடியாது.

ஹெட்ஃபோனுக்குள் என்ன இருக்கிறது?

ஹெட்ஃபோனில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் உள்ளன. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி. போகும் கம்பியைப் பிளஸ் என்றும், திரும்பும் கம்பியை மைனஸ் என்றும் வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் நான்கு கம்பிகள்: இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ்.

ஆனால் நாம் வழக்கமாகப் பார்க்கும் ஹெட்ஃபோன் பின்னில் மூன்று பகுதிகளே உள்ளன. கருப்புக் கோடுகள் இரண்டும் அதை மூன்றாகப் பிரிக்கின்றன. முனையில் இருப்பதை நுனி என்போம். நடுவில் இருப்பது வளையம். கடைசியில் இருப்பது அடி. நுனி இடது பிளஸ், வளையம் வலது பிளஸ். அடிப்பகுதி இரண்டு மைனஸுக்கும் பொது. ஒரே வாய்க்காலில் இரண்டு வயலின் வடிநீரும் போவதுபோல, இரண்டு காதுகளின் திரும்பும் மின்சாரமும் அந்த ஒரே வழியில் ஆம்புக்குத் திரும்புகிறது.

இந்தப் பின்னின் தாத்தா 6.35 மி.மீ. பின். 19-ஆம் நூற்றாண்டில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளில் ஒரு சந்தாதாரரை இன்னொருவரோடு இணைக்கக் கையால் செருகி எடுத்த பின் அது. இன்றும் மைக் செட் மிக்ஸரிலும் பெரிய ஆம்ப்களிலும் அதே அளவுதான். நம் கைப்பேசியின் 3.5 மி.மீ. பின் அதன் சிறிய வடிவம்.

பேலன்ஸ்டு ஹெட்ஃபோனில் நான்கு கம்பிகளும் கடைசிவரை தனித்தனியாகவே வரும். எங்கும் ஒன்றோடொன்று சேராது. இரண்டு வகைக்கும் அடிப்படை வேறுபாடு இதுதான்.

'பேலன்ஸ்டு' என்றால் என்ன?

கல்யாண மண்டபத்தில் மைக்கிலிருந்து மிக்ஸர்வரை நீளமான கேபிள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முனையில் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கனெக்டர் இருக்கும். 1-ஆம் பின் கேபிளைச் சுற்றியுள்ள கவசம். 2-ஆம் பின் பிளஸ். 3-ஆம் பின் மைனஸ். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறியது. வழியில் டியூப் லைட், ஃபேன், ஜெனரேட்டர் ஒயர் எல்லாம் அதில் இரைச்சலைக் கலக்கப் பார்க்கும். அந்த இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும். மிக்ஸரோ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் சமமாக ஏறியது கழிந்துபோகும். பேச்சு மட்டும் மிஞ்சும். மைக் கேபிள் ஐம்பது மீட்டர் ஓடினாலும் இரையாமல் இருப்பது இதனால்தான்.

பேலன்ஸ்டு ஹெட்ஃபோனும் இதே காரணத்தால் சுத்தமாகக் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஹெட்ஃபோன் கேபிளில் ஓடுவது ஏற்கெனவே பெருக்கப்பட்ட மின்சாரம். பக்கத்து ஒயரின் இரைச்சல் அதில் ஏறிக் காதில் கேட்பது அரிது. ஹெட்ஃபோனில் பேலன்ஸ்டு முறையால் கிடைக்கும் பயன்கள் வேறு இரண்டு.

முதலாவது சக்தி. சாதாரண ஆம்ப், ஸ்பீக்கரின் பிளஸ் முனையை மட்டும் தள்ளும். மைனஸ் முனை பூஜ்யத்தில் நிற்கும். பேலன்ஸ்டு ஆம்பில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஆம்ப்கள் உண்டு. ஒன்று பிளஸ் முனையைத் தள்ளும்போது மற்றொன்று மைனஸ் முனையை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒரு முனையில் 1 வோல்ட், மறு முனையில் எதிர் 1 வோல்ட் என்றால் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 2 வோல்ட். 32 ஓம் ஹெட்ஃபோனில் 1 வோல்ட் தரும் சக்தி சுமார் 31 மில்லிவாட். 2 வோல்ட் தருவது 125 மில்லிவாட். அதாவது, ஆம்பால் அத்தனை கரண்ட் கொடுக்க முடிந்தால், நான்கு மடங்கு.

இரண்டாவது, இடதும் வலதும் கலவாமல் இருப்பது. மூன்று கம்பிக் கேபிளில் பொதுக் கம்பிக்கு 0.2 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 32 ஓம் ஹெட்ஃபோனில் இடப்பக்கச் சத்தத்தில் ஏறக்குறைய 160-இல் ஒரு பங்கு அந்தப் பொதுக் கம்பி வழியாக வலப்பக்கம் கசியும். நான்கு கம்பியில் பொதுப்பாதையே கிடையாது. ஆனால் இந்தக் கசிவும் பாட்டுக்கு நடுவே எளிதில் காதுக்குத் தெரியாது.

ஆகவே பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவும். பிள்ளையின் ஹெட்ஃபோன் இப்போதுள்ள கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ தேவையான அளவுக்குச் சத்தமாக, தெளிவாகக் கேட்கிறது என்றால் பேலன்ஸ்டுக்காகத் தனியே பணம் செலவழிக்க அவசியமில்லை. அதிக சக்தி கேட்கும் பெரிய ஹெட்ஃபோனுக்குத்தான் அது உதவும்.

திசை ஏன் முக்கியம்?

இப்போது மருமகன் செய்ததற்கு வருவோம். இரண்டு திசைகளையும் தனித்தனியாகப் பார்த்தால் புரிந்துவிடும்.

சரியான திசை: பேலன்ஸ்டு ஹெட்ஃபோனைச் சாதாரண ஆம்பில் போடுவது. ஹெட்ஃபோனிலிருந்து நான்கு கம்பிகள் வருகின்றன. ஆம்பில் மூன்று வழிகளே உள்ளன. இடது மைனஸையும் வலது மைனஸையும் சேர்த்து அடிப்பகுதியில் கொடுக்கிறோம். ஆம்பில் அந்த இடம் ஏற்கெனவே பூஜ்யம். இரண்டும் சேர்வதால் யாருக்கும் பாதகமில்லை. நான்கை மூன்றாக்குவது பாதுகாப்பானது.

தவறான திசை: சாதாரண ஹெட்ஃபோனைப் பேலன்ஸ்டு ஆம்பில் போடுவது. அங்கே இடது மைனஸ் என்பது பூஜ்யம் அல்ல; அதன் பின்னால் ஓர் ஆம்ப் வேலை செய்துகொண்டிருக்கிறது. வலது மைனஸின் பின்னால் இன்னோர் ஆம்ப். ஹெட்ஃபோன் பின்னின் அடிப்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக ஷார்ட் செய்துவிடுகிறது. ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுத்தால், நடுவில் ஹெட்ஃபோனே இல்லாமல் இரண்டு ஆம்ப்களும் நேருக்கு நேர் மோதும். கரண்ட் அளவுக்கு மீறி ஓடும், பாகங்கள் சூடேறும், பாதுகாப்புச் சுற்று இல்லாத ஆம்ப் கருகும்.

அப்படியானால் பேச்சு மட்டும் ஏன் நன்றாகக் கேட்டது? ஒருவர் பேசும் ஒலிப்பதிவில் இடதும் வலதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு மைனஸ் ஆம்ப்களும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தள்ளியதால் மோதல் இல்லை. பாட்டில் ஒரு கருவி இடப்பக்கம், ஒரு கருவி வலப்பக்கம் என்று பிரிந்து இருக்கும். பாட்டு தொடங்கியதும் மோதலும் தொடங்கியது. "போட்டுப் பார்த்தேன், கேட்டது, ஆகவே சரி" என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

பின்களின் வரிசை

கனெக்டர் வாங்கும் முன் இந்த வரிசையைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பின் எக்ஸ்எல்ஆர்: 1 இடது பிளஸ், 2 இடது மைனஸ், 3 வலது பிளஸ், 4 வலது மைனஸ். ஹெட்ஃபோன் பக்கம் நீட்டிய பின் உள்ள ஆண் கனெக்டர். ஆம்ப் பக்கம் துளை உள்ள பெண் சாக்கெட்.

4.4 மி.மீ. பின்: நுனியிலிருந்து வரிசையாக இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், கடைசி அடிப்பகுதி கிரவுண்ட். ஜப்பானில் வகுக்கப்பட்ட இந்த வகையை 2016-இல் சோனி தன் உயர்ரக வாக்மேன்களில் கொண்டுவந்தது. இன்று பரவலாகக் கிடைக்கிறது.

2.5 மி.மீ. நான்கு பகுதிப் பின்: நுனி வலது மைனஸ், முதல் வளையம் வலது பிளஸ், இரண்டாம் வளையம் இடது பிளஸ், அடி இடது மைனஸ். மற்ற வகைகள் இடதில் தொடங்க, இது வலதில் தொடங்குகிறது, கவனம் தேவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைப்பேசி இயர்ஃபோனின் 3.5 மி.மீ. பின்னிலும் சில சமயம் மூன்று கருப்புக் கோடுகளும் நான்கு பகுதிகளும் இருக்கும். அதைப் பேலன்ஸ்டு என்று எண்ணிவிடக் கூடாது. நான்காவது பகுதி பேசுவதற்கான மைக்குக்கு உரியது. மைனஸ் அங்கேயும் பொதுவானதுதான்.

தேவையான பொருட்கள்

இந்தப் பாடத்தில் நான்கு பின் எக்ஸ்எல்ஆர் ஹெட்ஃபோனைச் சாதாரண 6.35 மி.மீ. ஆம்பில் போடும் அடாப்டரைச் செய்கிறோம்.

1. நான்கு துளை உள்ள பெண் எக்ஸ்எல்ஆர் கனெக்டர் ஒன்று.
2. மூன்று பகுதி உள்ள 6.35 மி.மீ. ஸ்டீரியோ பின் ஒன்று. இரண்டு பகுதி மட்டும் உள்ள மோனோ பின் பார்வைக்கு இதே போல இருக்கும். கருப்புக் கோடு இரண்டா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.
3. நான்கு நிற ஒயர்கள் உள்ள மெல்லிய கேபிள், 15 செ.மீ.
4. 25 வாட் சால்டரிங் அயர்ன், அதை வைக்கும் ஸ்டாண்ட், ஈர ஸ்பாஞ்ச்.
5. நடுவில் பிசின் உள்ள மெல்லிய சால்டரிங் ஈயம். 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது புதியவர்களுக்கு எளிது. தண்ணீர்க் குழாய் வேலைக்கான ஆசிட் பேஸ்ட் வேண்டாம். அது நாளடைவில் ஒயரை அரிக்கும்.
6. சூட்டில் சுருங்கும் ஸ்லீவ், ஒயர் உரிக்கும் கட்டர், மல்டிமீட்டர்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். பிசின் புகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. ஈயத்தில் காரீயம் இருப்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். சின்னப் பிள்ளைகள் சுற்றி ஓடும் நேரத்திலும் வேண்டாம். சூடான அயர்னின் ஒயரில் ஒரு கால் பட்டால் போதும்.

செய்முறை

1. நிறங்களை முதலில் முடிவு செய்து எழுதிவிடுங்கள். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், கருப்பு வலது மைனஸ். ஆடியோ உலகில் சிவப்பு வலதுக்கு, வெள்ளை இடதுக்கு என்பது பழகிய வழக்கம்.

2. சால்டரிங் தொடங்கும் முன் இரண்டு கனெக்டர்களின் மூடிகள், ரப்பர் வால், பிளாஸ்டிக் குழாய், சுருங்கும் ஸ்லீவ் துண்டுகள் எல்லாவற்றையும் கேபிளில் கோத்துவிடுங்கள். எல்லாம் பற்றவைத்து முடித்த பிறகு மூடி மேசைமேல் கிடப்பதைப் பார்க்காத மெக்கானிக் கிடையாது. நானும் பார்த்திருக்கிறேன்.

3. கேபிளின் வெளித்தோலை இரு பக்கமும் 2 செ.மீ. உரியுங்கள். உள் ஒயர்களின் முனையை 4 மி.மீ. மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, ஈயம் பூசிக்கொள்ளுங்கள். கனெக்டரின் கிண்ணங்களிலும் கொஞ்சம் ஈயம் நிரப்பி வையுங்கள். இரண்டு பக்கமும் ஈயம் இருந்தால் இரண்டு மூன்று நொடியில் ஒட்டிவிடும்.

4. எக்ஸ்எல்ஆர் பக்கம் தொடங்குங்கள். ஒவ்வொரு துளையின் அருகிலும் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். ஆணில் ஒரு பக்கமிருந்து பார்க்கும் வரிசை, பெண்ணில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறித் தெரியும். ஆகவே இடத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள். வெள்ளை 1-இல், நீலம் 2-இல், சிவப்பு 3-இல், கருப்பு 4-இல்.

5. சால்டரிங் செய்யும்போது பழைய ஆண் கனெக்டர் ஒன்று இருந்தால் அதை இதில் செருகி வையுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலும் பின்கள் சாயாமல் இருக்கும். விலையுயர்ந்த ஹெட்ஃபோனின் கனெக்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

6. ஒவ்வோர் இணைப்பின் மீதும் ஸ்லீவை இழுத்துச் சுருக்குங்கள். பக்கத்துப் பின்னோடு ஓர் இழை தொட்டாலும் ஷார்ட்தான்.

7. அடுத்து 6.35 மி.மீ. பின். வெள்ளையை நுனிக்கான காதில் வையுங்கள். சிவப்பை வளையத்துக்கான காதில் வையுங்கள். நீலத்தையும் கருப்பையும் இங்கே முறுக்கி ஒன்றாக அடிப்பகுதிக்கான காதில் வையுங்கள். எந்தக் காது எதற்கு என்பதை மல்டிமீட்டரில் பார்த்துக்கொண்டே வைப்பது நல்லது. கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். இரண்டு மைனஸையும் எக்ஸ்எல்ஆர் பக்கமே சேர்க்காமல் கடைசிவரை தனியாகக் கொண்டுவந்ததற்குக் காரணம், பொதுப்பாதை எவ்வளவு சிறிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதுதான்.

8. கேபிளைப் பிடிக்கும் உலோகக் கவ்வியை வெளித்தோலின் மீது அழுத்துங்கள். உரித்த ஒயர்களின் மீது அழுத்தக் கூடாது. பிறகு பிளாஸ்டிக் குழாயை ஏற்றுங்கள். மூடியைச் சோதனைக்குப் பிறகு திருகிக்கொள்ளலாம்.

நல்ல சால்டரிங் பளபளப்பாக, ஒயரோடு சாய்ந்து இறங்கியிருக்கும். மங்கலாக, உருண்டையாக நின்றால் சூடு போதவில்லை. மறுபடி அயர்னை வைத்து உருக்குங்கள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கைக்கு இது வெகு விரைவில் வந்துவிடும். நம் வீடுகளில் தையல் தெரிந்த பெண் பிள்ளைகள் தயங்காமல் முயன்று பார்க்கலாம்.

சோதித்த பிறகே செருகவும்

மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். பீப் வர வேண்டிய இடங்கள்: 1-ஆம் துளைக்கும் நுனிக்கும், 3-ஆம் துளைக்கும் வளையத்துக்கும், 2-ஆம் துளைக்கும் அடிக்கும், 4-ஆம் துளைக்கும் அடிக்கும். பீப் வரவே கூடாத இடங்கள்: நுனிக்கும் வளையத்துக்கும், நுனிக்கும் அடிக்கும், வளையத்துக்கும் அடிக்கும். கேபிளை மெல்ல ஆட்டிக்கொண்டே இந்த ஏழையும் ஒருமுறை பாருங்கள். மூடியைத் திருகிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள். மூடும்போது ஒயர் நசுங்கி ஷார்ட் ஆவதுண்டு.

அடுத்து ஹெட்ஃபோனை அடாப்டரில் செருகி, ஆம்பில் போடாமல், மீட்டரை ஓம் நிலைக்கு மாற்றுங்கள். 32 ஓம் ஹெட்ஃபோன் என்றால் நுனிக்கும் அடிக்கும் இடையே ஏறக்குறைய 32. வளையத்துக்கும் அடிக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு. நுனிக்கும் வளையத்துக்கும் இடையே அதைப்போல இரு மடங்கு காட்டும், ஏனெனில் அங்கே இரண்டு ஸ்பீக்கர்களும் வரிசையாக நிற்கின்றன. இந்த மூன்று எண்களும் பொருந்தினால் நான்கு கம்பிகளும் முழுமையாக இருக்கின்றன. அளக்கும்போது காதில் 'டக்' என்று ஒலி வரும். ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொண்டு அளக்காதீர்கள்.

கடைசியாக ஆம்பின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துச் செருகி, மெல்ல ஏற்றுங்கள். ஒருவர் பேசும் ஒலியைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். குரல் நடுவில் நிற்காமல் பரந்து, அடித்தொனியும் மெலிந்திருந்தால் ஒரு காதில் பிளஸும் மைனஸும் மாறியிருக்கின்றன. அப்படி மாறினால் மீட்டரில் அந்தப் பக்கம் பீப் சோதனையிலேயே தவறும். அடாப்டர் சரியாக இருந்தும் குரல் இப்படிக் கேட்டால் ஹெட்ஃபோன் கேபிளைப் பாருங்கள்.

அப்படியானால் சாதாரண ஹெட்ஃபோனைப் பேலன்ஸ்டு ஆம்பில் கேட்கவே முடியாதா?

சில ஹெட்ஃபோன்களில் முடியும்; ஆனால் அடாப்டரால் அல்ல. ஹெட்ஃபோனின் பின்னையே மாற்ற வேண்டும்.

இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாகக் கேபிள் இறங்கி நடுவில் சேரும் ஹெட்ஃபோன்களில் பலவற்றுக்குள் நான்கு கம்பிகளும் பின்வரை தனியாகவே வரும். பின்னின் அடிப்பகுதியில்தான் இரண்டு மைனஸும் சேரும். ஒரு காதில் மட்டும் கேபிள் நுழைந்து, தலைப்பட்டை வழியாக மறு காதுக்குப் போகும் வகையில் பெரும்பாலும் பொது மைனஸே இருக்கும். அதில் இந்த வேலை ஆகாது.

முதல் வகையானால், பழைய பின்னிலிருந்து 10 செ.மீ. விட்டுக் கேபிளை வெட்டுங்கள். ஹெட்ஃபோன் பக்கம் நான்கு கம்பிகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மீட்டரில் இரண்டு ஜோடிகள் தனித்தனியே ஹெட்ஃபோனின் ஓம் அளவைக் காட்ட வேண்டும். ஒரு ஜோடிக்கும் மறு ஜோடிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. தொடர்பு இருந்தால் அத்தோடு நிறுத்தி, வெட்டிய இடத்தையே மறுபடி நிறம் பார்த்து இணைத்துவிடுங்கள். தொடர்பு இல்லை என்றால் ஹெட்ஃபோன் பக்கத்தில் நான்கு பின் ஆண் எக்ஸ்எல்ஆரைப் பொருத்தலாம். வெட்டிய பழைய பின் துண்டையும் எறியாதீர்கள். அதன் மறுமுனையில் நான்கு துளைப் பெண் எக்ஸ்எல்ஆரை வைத்தால், கைப்பேசியில் கேட்பதற்கான அடாப்டராக அதுவே ஆகிவிடும். ஒரே ஹெட்ஃபோன், இரண்டு இடத்திலும் பாதுகாப்பாக வேலை செய்யும்.

ஹெட்ஃபோன் ஒயர்கள் மிக மெல்லியவை. அவற்றின் மேல் நிறப்பூச்சு இருப்பதால் ஈயம் எளிதில் ஒட்டாது. அயர்ன் நுனியில் புதிய ஈயத் துளி ஒன்றை வைத்து, ஒயர் முனையை அதற்குள் சில நொடி பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் ஏறும். நெருப்புக் குச்சியால் கொளுத்த வேண்டாம், ஒயரே உதிர்ந்துவிடும். கூடவே வரும் நைலான் இழைகளைக் கத்தரித்துவிடுங்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு

பேலன்ஸ்டு ஆம்பில் இரு மடங்கு வோல்ட் என்றால், வால்யூமை அதே இடத்தில் வைத்தாலும் சத்தம் 6 டெசிபல் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கக்கூடிய நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அதாவது 6 டெசிபல் கூடினால் நேரம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கருகிய ஆம்பை மூன்று வாரத்தில் சரிசெய்துவிடலாம். கேட்டுப்போன செவிநரம்பைச் சரிசெய்ய எந்தக் கடையும் இல்லை. புதிய ஆம்பில் வால்யூமைக் குறைத்தே தொடங்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பயிற்சிக் கேள்விகள்

1. உங்கள் ஆம்பில் 4.4 மி.மீ. சாக்கெட். நண்பரின் ஹெட்ஃபோனில் மூன்று பகுதி 3.5 மி.மீ. பின். இடையே அடாப்டர் செய்யலாமா?
2. உங்கள் ஹெட்ஃபோனில் நான்கு பின் எக்ஸ்எல்ஆர். லேப்டாப்பில் 3.5 மி.மீ. துளை. எந்த இரண்டு எண்கள் ஒன்று சேரும்?
3. அடாப்டரில் ஹெட்ஃபோனைச் செருகி அளந்தபோது நுனிக்கும் அடிக்கும் 32 ஓம், வளையத்துக்கும் அடிக்கும் எதுவுமே காட்டவில்லை. எந்தெந்த இணைப்புகளைத் திறந்து பார்ப்பீர்கள்?

முதல் கேள்விக்கு "செய்யலாம்" என்று மனம் சொன்னால் சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம். திசையைப் பற்றிய பகுதியை இன்னொரு முறை படியுங்கள்.

என் மருமகன் இப்போது தன் ஹெட்ஃபோனின் பின்னையே மாற்றிக்கொண்டான். வெட்டிய துண்டில் அவன் செய்த அடாப்டர் அவன் பையிலேயே இருக்கிறது. அதன் மேல் ஒரு சின்னத் தாளை ஒட்டி, "நாலு மூணாகும், மூணு நாலாகாது" என்று எழுதி வைத்திருக்கிறான். நீங்களும் செய்து முடித்ததும் உங்கள் அடாப்டரில் அப்படி ஒன்றை ஒட்டி வையுங்கள். நாளை அதை இரவல் வாங்கும் பிள்ளைக்கும் அது உதவும். இன்ஷா அல்லாஹ், அடுத்த பாடத்தில் மைக் கேபிளைச் சோதித்துப் பழுது நீக்குவதைப் பார்ப்போம்.